ஒப்பமும் படியும்: மட்டக்களப்பு உடன்படிக்கையும் மென்பொருட் பொதிகளின் மெய்மையும்

1638ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் திகதி, புளியந்தீவிலிருந்த போர்த்துக்கேயக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. ஐந்து நாட்களின் பின்னர், மே 23ஆம் திகதி, கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனுக்கும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதி அடம் வெஸ்டர்வோல்ட்டுக்குமிடையே மட்டக்களப்பில் ஓர் உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டது. போர்த்துக்கேயரை இத்தீவிலிருந்து அகற்றுவதற்குக் கம்பெனி படையுதவி அளிக்கும்; அதன் செலவை மன்னன் கறுவா, மிளகு, மெழுகு முதலான விளைபொருள்களால் ஈடுசெய்வான்; ஏற்றுமதி வாணிபத்திற் கம்பெனிக்குத் தனியுரிமை கிடைக்கும் என்பன அதன் சாரமாகும். கைப்பற்றப்படும் கோட்டைகளில் யாருடைய படை நிற்பது என்பதை மூன்றாம் வாசகம் கூறிற்று. மன்னன் கையிலிருந்த போர்த்துக்கேய மொழிப் படியில், 'மன்னன் விரும்பினால்' ஒல்லாந்தப் படை அங்கு நிற்கலாம் என்னும் பொருள்படும் நிபந்தனைத் தொடர் ஒன்று காணப்பட்டது. கம்பெனியின் ஒல்லாந்த மொழிப் படியில் அத்தொடர் இல்லை.

இவ்வொரு தொடரின் இன்மை விளைவித்தவை பல. 1640இல் காலியைக் கைப்பற்றிய கம்பெனி அதனை மன்னனிடம் ஒப்படைக்க மறுத்தது. அவ்வாண்டிற் கண்டிக்குச் சென்று வாதாடித் திரும்பிய கொஸ்தர் என்னும் ஒல்லாந்தத் தளபதி வழியிற் கொல்லப்பட்டான். 1656இல் கொழும்பு வீழ்ந்தபொழுது மன்னனுக்கு அந்நகரின் வாயிலே திறக்கப்படவில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று சிங்கள மக்கள் இதனைப் பழமொழியாக்கினர். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையோடு, கிழக்குக் கரை உட்பட முழுக் கரையோரமும் கம்பெனியின் சட்டபூர்வ உடைமையாயிற்று. பேராதனை வரலாற்றறிஞர் கே. டபிள்யூ. குணவர்தன 1958இல் வெளியிட்ட தமது நூலில் இரு படிகளின் முரண்பாட்டை விரிவாக ஆராய்ந்துள்ளார். வெறும் எழுத்துப் பிழையாக அதனைக் கொள்வதற்கு இடமில்லை. பிழைகள் எப்பொழுதும் வலியவன் பக்கமே சாய்வதில்லை.

அவ்வுடன்படிக்கையின் அரசியல் வரலாற்றை மீள எழுதுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இரு படிகளிலும் இருந்த ஒப்பங்கள் மெய்யானவை என்பதே நமது சிந்தனைக்குரியது. இட்டவர்கள் உண்மையானவர்கள், இட்ட கை அவர்களுடையது. ஆயினும் இரு படிகளும் ஒன்றல்ல. ஓர் ஒப்பம் இரு வேறு செய்திகளுக்குச் சான்று பகர வேண்டும்: இதனை அனுப்பியவர் யார் என்பது ஒன்று, அவர் அனுப்பியது இதுதானா, எழுத்துக் குறையாமற் கூடாமல் வந்து சேர்ந்ததா என்பது மற்றொன்று. மையால் இட்ட ஒப்பம் முதலாவதற்கு ஒருவாறு சான்றாகும். இரண்டாவதற்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. தாளின் அடியில் உள்ள கையெழுத்துக்கு, மேலே மூன்றாம் வாசகத்தில் ஒரு தொடர் இருக்கிறதா இல்லையா என்பது தெரியாது.

இவ்விரண்டாம் வினா மட்டக்களப்புப் பிரதேசத்தின் எழுத்து மரபிற் புதியதன்று. எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இல் 'மட்டக்களப்பு மான்மியம்' என்னும் நூலை ஏட்டுப் பிரதிகளின் துணைகொண்டு பதிப்பித்தார். ஏட்டுச்சுவடியை ஆராய்ந்த எவரும் அறிவர், படி எடுக்குந்தோறும் நூல் மாறுகின்றது. சிதல் தின்ற இடம் ஒருபுறம் இருக்க, குடிகளின் உரிமை, கோயில் முறைமை, வரிசை ஆகியன பற்றிப் பேசும் நூல்களில் எழுதுவோனின் குடிப்பற்றும் புகுந்துவிடும். கோயில் முன்னுரிமைக்குச் சான்றாக ஏட்டைக் காட்டும் சமுதாயத்தில் ஏடு என்பது ஒரு நிலவுடைமைப் பத்திரத்துக்கு ஒப்பானது. அதில் ஓரடி கூடினாற் பங்கு கூடும். பாடபேதம் என்று நாம் இலக்கிய மாணவர்க்குக் கற்பிக்கும் விடயம் பல வேளைகளில் நிலத்தகராற்றின் சுவடே என்பதை நம் பதிப்பாசிரியர்கள் போதிய அளவு வற்புறுத்தியதில்லை.

முதலாம் வினாவிற்கு, அதாவது யாருடையது என்ற வினாவிற்கு, இப்பிரதேசம் கண்ட விடை மாட்டின் உடலிற் பொறிக்கப்பட்டது. வாவியின் மேற்கே படுவான்கரையிலும் அதற்கப்பாலும் மேய்ச்சலுக்கு விடப்படும் பட்டி மாடுகளுக்குக் குறிசுடும் வழக்கு நெடுங்காலத்தது. சாதிக்கும் குடிக்கும் உரியனவாகக் குறிகள் வழங்கின. அக்குறிகள் யாவருக்கும் தெரிந்தவை. வழிதவறிய மாட்டைக் காண்பவன் எழுத்தறியாதவனாயினும் அதன் உடையவரை அறிந்துகொள்வான். சரிபார்க்கும் அறிவு பொதுவில் இருந்தது. குறியிடும் உரிமை மட்டும் வரையறுக்கப்பட்டிருந்தது. ஆனால் அவ்வுரிமையைக் காத்தது சமூகக் கட்டுப்பாடேயன்றி இரும்பு அன்று. குறியின் வடிவத்தைக் கண்டவன் அதேபோல ஓர் இரும்பை வளைத்துக்கொள்ளலாம். எல்லோரும் சரிபார்க்கக்கூடிய, ஆனால் உரியவனைத் தவிர வேறெவனும் இடமுடியாத ஒரு குறி உண்டா? இவ்வினாவுக்கு 1970களில்தான் விடை கிடைத்தது.

அவ்விடை தோன்றிய முறையே ஒரு சமூக வரலாறு. பிரித்தானிய அரசின் ஒற்றுத் துறையிற் பணியாற்றிய ஜேம்ஸ் எலிஸ் 1970இலும், கிளிஃபர்ட் கொக்ஸ் 1973இலும் பொதுத் திறப்பு மறைகுறியீட்டின் அடிப்படைகளைக் கண்டறிந்தனர். அரசு அதனை இரகசியமாக்கிப் பூட்டி வைத்தது. 1997 டிசம்பரிலேயே வெளியிட்டது. இதற்கிடையில், விற்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் ஆகியோர் 1976இல் அமெரிக்காவிற் சுயாதீனமாக அதே கருத்தை அடைந்து, இலக்கமுறை ஒப்பம் என்னும் எண்ணத்தையும் முன்வைத்துப் பகிரங்கமாக வெளியிட்டனர். 1977இல் ரிவெஸ்ற், ஷமீர், அடில்மன் மூவரும் அதற்குச் செயல்வடிவம் கொடுத்தனர். அரச இரகசியமாக இருந்து தப்பிய அறிவு உடனே தனியுடைமையாயிற்று. 1983இல் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு செப்டெம்பரிலேயே அது பொதுவுடைமையானது. இரு பகா எண்களைப் பெருக்குவதற்கு உரிமைப்பணம் கேட்கும் ஒரு காலம் இருந்தது என்பதை எண்ணும்போது, பொதுமேய்ச்சல் நிலத்துக்கு வேலியிட்ட இங்கிலாந்து நிலக்கிழார்களின் நினைவு எழாமற் போகாது.

இவ்விடத்திற் சொல் பற்றி ஒன்று கூறவேண்டும். தமிழ்நாட்டார் இதனைப் பொதுச்சாவி என்பர். சாவி போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு. போர்த்துக்கேயர் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு நிலைகொண்டிருந்த ஈழத்திலோ 'திறப்பு' என்னும் தமிழ்ச் சொல்லே வழங்குகின்றது. ஆளப்பட்டவர்கள் பூட்டைப் பெற்றும் சொல்லை ஏற்காத இவ்விந்தை மொழியியலார் ஆராயத்தக்கது. இங்கு 'திறப்பு' என்றே வழங்குகிறோம். ஆயின் உவமை முழுமையாகப் பொருந்துவதன்று. இத்திறப்பு எதனையும் திறப்பதில்லை. ஒப்பத்தைப் பொறுத்தவரை அது முத்திரைக் கோலும் அதன் மாதிரியுமாகும்.

அது இயங்கும் முறை வருமாறு. ஒருவர் கணிதத்தாற் பிணைந்த இரு திறப்புகளை ஆக்குகின்றார். ஒன்றைத் தம்மிடமே மறைத்து வைக்கின்றார். மற்றதை உலகறிய வெளியிடுகின்றார். வெளியிட்டதிலிருந்து மறைத்ததைக் கணித்தெடுப்பது நடைமுறையில் இயலாது. மென்பொருட் பொதியொன்றை வெளியிடும்போது அப்பொதி முழுவதையும் ஒரு குறுகிய எண்ணாகச் சுருக்குகின்றனர். இன்று பெருவழக்கிலுள்ள முறையில் இச்சுருக்கெண் 256 இருமவெண்கள் கொண்டது; பதினாறடிமானத்தில் எழுதினால் 64 எழுத்துகள். பொதியில் ஒரு காற்புள்ளி மாறினாலும் சுருக்கெண் முற்றாக வேறுபடும். அவ்வெண்ணின்மீது மறைதிறப்பினால் ஒப்பமிடப்படுகின்றது. பெறுபவர் பொதுத்திறப்பைக்கொண்டு ஒப்பத்தையும், தாமே கணித்த சுருக்கெண்ணையும் ஒத்துப் பார்க்கின்றார். யார், எது என்னும் இரு வினாக்களும் ஒரே ஒப்பத்துள் அடங்கிவிட்டன. வெஸ்டர்வோல்ட்டின் ஒப்பம் இவ்வாறானதாக இருந்திருப்பின், ஒரு தொடர் குறைந்த படியில் அது செல்லாதாகியிருக்கும்.

பில் ஸிமர்மன் 1991இல் இதனைச் சாதாரண மக்களின் கணினிக்குக் கொண்டுவந்தார். ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தை மீறினார் என்று அமெரிக்க அரசு அவரை 1993 முதல் 1996 வரை விசாரித்தது. அம்மென்பொருளின் மூலநிரல் 1995இல் அச்சிட்ட நூலாக வெளியிடப்பட்டது. நூலை ஏற்றுமதி செய்வதைத் தடுக்க அச்சட்டத்தால் முடியவில்லை. ஜெர்மனியில் வேர்னர் கொக் 1997இற் தொடங்கிய குனூ பிரைவசி கார்ட் என்னும் கட்டற்ற மென்பொருள் 1999இல் முதற் பதிப்பைக் கண்டது. இன்று லினக்ஸ் வழங்கல்கள் பலவற்றின் பொதிகளும் இதன் வழி வந்த முறைகளாலேயே மெய்ப்பிக்கப்படுகின்றன. டெபியன் திட்டத்தின் வழங்கிகள் 2003 நவம்பரில் ஊடுருவப்பட்டன. 2007இல் வெளிவந்த அதன் நான்காம் பதிப்பில், பொதிகளின் ஒப்பத்தைத் தானாகச் சரிபார்க்கும் முறை நிலைபெற்றது.

இலங்கையர் இவ்வுலகில் நுகர்வோராக மட்டும் இருந்தனர் என்று கொள்வது தவறு. 2003இல் தோன்றிய லங்கா மென்பொருள் அறக்கட்டளை வழியாக இந்நாட்டு நிரலாளர் பலர் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் பணிகளிற் பங்குகொண்டனர். அங்கு ஒவ்வொரு வெளியீடும் வெளியிடுபவரின் திறப்பினால் ஒப்பமிடப்படல் வேண்டும். ஒப்பமிடுவோரின் பொதுத்திறப்புகள் ஒரு கோப்பில் யாவரும் காண வைக்கப்படும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடியையும் அழித்துச் சென்றபின், காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவதற்காக 'சஹானா' என்னும் கட்டற்ற மென்பொருளை இந்நாட்டுத் தன்னார்வலர்கள் உருவாக்கினர். அடுத்த ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. காணாமற்போனோரின் பெயர்ப்பட்டியலை ஏந்தும் மென்பொருள் வழியில் மாற்றப்படாமல் வந்து சேர்ந்ததா என்ற வினா வெறும் தொழில்நுட்ப வினாவன்று என்பதை இப்பிரதேசத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை.

இனி, கணிதம் விடை கூறாத இடத்துக்கு வருவோம். ஒரு பொதுத்திறப்பு இன்னாருடையது என்பதை எவ்வாறு அறிவது? இரு வழிகள் உருவாயின. முதலாவது படிநிலை வழி. மேலே ஓர் அதிகார நிறுவனம்; அது கீழுள்ளோர்க்குச் சான்றிதழ் வழங்கும். இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இலத்திரனியல் ஒப்பத்துக்குச் சட்ட ஏற்பளித்தது. வங்கிகளுக்குப் பொதுவான, முன்னர் லங்கா கிளியர் என அழைக்கப்பட்ட நிறுவனம் சான்றிதழ் வழங்கலாயிற்று. படிநிலையின் பலவீனம் 2014 ஜூலையில் இந்தியாவில் வெளிப்பட்டது. தேசிய தகவலியல் மையத்தின் சான்றிதழ் அமைப்பிலிருந்து கூகுள் தளங்களின் பெயரிற் பொய்ச் சான்றிதழ்கள் வெளியாகியிருந்தமையைக் கூகுளே கண்டறிந்தது. மேலே ஒருவர் தவறினாற் கீழே உள்ள அனைவரும் பொய்யை மெய்யென ஏற்க நேரும்.

இரண்டாவது வழியில் மேல் கீழ் இல்லை. நானறிந்த ஒருவரின் திறப்புக்கு நான் ஒப்பமிடுகிறேன். அவர் தாமறிந்தவருக்கு இடுகிறார். டெபியன் திட்டத்தில் உறுப்புரிமை கோருபவரின் திறப்புக்கு ஏற்கனவே உறுப்பினராயுள்ளோர் ஒப்பமிட்டிருத்தல் வேண்டும். வழமையாக நேரிற் சந்தித்து, அடையாள ஆவணத்தைப் பார்த்தே அவ்வொப்பம் இடப்படும். சமத்துவம் மிக்க முறைதான். எனினும் சந்திப்பதற்குப் பயணம் வேண்டும். பயணத்துக்குப் பணமும் விசாவும் வேண்டும். ஐரோப்பிய மாநாட்டு மண்டபத்தில் ஒரு மாலைப்பொழுதில் முப்பது ஒப்பங்களைப் பெறுபவரையும், களுவாஞ்சிக்குடியில் இருந்துகொண்டு ஓர் ஒப்பத்துக்குக் காத்திருப்பவரையும் இவ்வலை ஒரே அளவில் நம்புவதில்லை. நம்பிக்கையும் உலகச் சந்தையில் ஏற்றத்தாழ்வாகவே பங்கிடப்பட்டுள்ளது.

அடையாள ஆவணம் என்ற சொல்லை இப்பிரதேசம் எளிதிற் கடந்துவிட முடியாது. போர்க்காலச் சோதனைச் சாவடிகளில் தேசிய அடையாள அட்டையை நீட்டி நின்ற தலைமுறை இது. அங்கு சரிபார்த்தல் ஒருதிசைப்பட்டது. நிற்பவன் சரிபார்க்கப்பட்டான், சரிபார்ப்பவன் யார், எந்த ஏட்டைப் பார்த்து முடிவு செய்கிறான் என்பது அவனுக்கு அறியக் கிடைக்கவில்லை. முகத்தை மூடிய தலையாட்டி தலையை அசைத்தால் அதுவே ஒப்பம். 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தோரிலிருந்து இராணுவத்தினராற் கொண்டுசெல்லப்பட்ட 158 பேரும் மீளவில்லை. முகமற்ற தலையசைப்பை எதிர்த்து எவரும் எதனையும் ஒத்துப்பார்க்க இயலாது. பொதுத்திறப்பு முறையின் அரசியற் சிறப்பை இந்த அனுபவத்தின் பின்னணியிலேயே மதிப்பிடுதல் வேண்டும். இங்கு ஆளுவோனிடம் மட்டும் இருந்த சரிபார்க்கும் வல்லமை கணிதத்தால் எல்லோருக்கும் உரியதாகின்றது. ஒப்பமிடுவோன் கணக்குக் கொடுக்க வேண்டியவனாகின்றான்.

ஆனாற் சரிபார்ப்பு முடிவில் மென்பொருள் தெரிவிக்கும் வாசகம் ஆராயத்தக்கது. ஒப்பம் 'நல்லது' என்று அது கூறும். உடனடுத்து, இத்திறப்பு நம்பத்தக்க ஒப்பத்தாற் சான்றளிக்கப்படவில்லை, இது உரியவருடையது என்பதற்கு அறிகுறி எதுவுமில்லை என்றும் எச்சரிக்கும். அவ்வெச்சரிக்கை பயனற்ற சம்பிரதாயமாகக் கருதப்பட்டுக் கடந்து செல்லப்படுகின்றது. நல்லது என்னும் அடைமொழி இங்கு கணக்குச் சரி என்பதற்கு மேல் எதனையும் குறிக்காது. ஒப்பமிட்டவரின் நேர்மை பற்றியோ, பொதியின் உள்ளீடு பற்றியோ அது வாய்திறப்பதில்லை.

2024 மார்ச் 29ஆம் திகதி வெளிவந்த செய்தி இதனை உலகுக்கு உணர்த்திற்று. கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்இஸட்' என்னும் சிறு மென்பொருள் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் உண்டு. அதனை லாசே கொலின் என்பவர் ஊதியமின்றிப் பல்லாண்டு பராமரித்து வந்தார். களைத்திருந்த அவருக்கு 'ஜியா டான்' என்னும் பெயருடைய ஒருவர் உதவ முன்வந்தார். வேறு சில பெயர்கள் பராமரிப்பாளரை விரைவுபடுத்தி நெருக்கின. ஏறத்தாழ இரண்டாண்டுப் பொறுமையான உழைப்பின் பின் ஜியா டானுக்கு வெளியீட்டுரிமை கிட்டியது. அவர் வெளியிட்ட 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளிற் கணினிக்குள் அத்துமீறி நுழைவதற்கு ஒரு புழைக்கடை வழி அமைக்கப்பட்டிருந்தது. தமது கணினியில் நுழைவு அரை நொடியளவு தாமதிப்பதை ஐயுற்ற ஆன்ட்ரெஸ் ஃபிறொயின்ட் என்னும் நிரலாளர் அதனைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார். அப்பொதிகளின் ஒப்பம் மெய்யானது. ஜியா டானின் திறப்பே இட்டது. எந்தச் சரிபார்ப்பும் அதனை மறுத்திருக்காது.

மேலும் ஒரு செய்தி நமது விடயத்துக்கு நேரடியாக உரியது. அப்புழைக்கடையைத் தொடக்கிவைக்கும் வரிகள், பலரும் படிக்கக்கூடிய மூலநிரற் களஞ்சியத்தில் இல்லை. ஒப்பமிட்டு வெளியிட்ட பொதியில் மட்டுமே இருந்தன. படிப்பதற்கு ஒரு படி; நிறைவேற்றுவதற்கு வேறொரு படி. 386 ஆண்டுகளின் பின் மட்டக்களப்பின் மூன்றாம் வாசகம் மீண்டும் எழுதப்பட்டது எனலாம். அங்கு ஒரு தொடர் நீக்கப்பட்டது. இங்கு சில வரிகள் சேர்க்கப்பட்டன. இருவிடத்தும் ஒப்பம் உண்மை.

இதனை ஒரு தனிமனிதனின் சூழ்ச்சியாக மட்டும் விளக்குவோர் உற்பத்தி உறவுகளைக் காணத் தவறுகின்றனர். உலகின் பெருங்கம்பெனிகள் தமது இலாபத்தை எழுப்பியிருக்கும் அத்திவாரத்தின் ஒரு கல்லை, ஊதியமற்ற, சோர்ந்த ஒருவர் தனியே தாங்கி நின்றார். வேர்னர் கொக்கின் நிலையும் வேறன்று. அவர் தனிமையிற் பணமின்றித் தமது மென்பொருளைப் பேணி வந்த செய்தி 2015 பெப்ரவரியில் வெளியானதும், ஃபேஸ்புக்கும் ஸ்ட்ரைப்பும் ஆண்டுக்கு 50,000 டொலர் வீதம் தர முன்வந்தன. அதுவரை அந்நிறுவனங்கள் யாருடைய உழைப்பில் நின்றன என்பதை யாரும் கேட்கவில்லை. இரவல் உழைப்பின் மீது எழுப்பிய நம்பிக்கைக்கு விலை குறைவு. ஆகவே அதனை வாங்குவதும் எளிது.

டெபியன் திட்டத்தினர் 2013 முதல் மேற்கொண்டுள்ள மீளுருவாக்க முயற்சி இங்கு நோக்கத்தக்கது. ஒரே மூலநிரலிலிருந்து வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு மனிதர் தனித்தனியே பொதியை ஆக்கினால், எல்லாப் பொதிகளும் எழுத்தளவிலும் ஒன்றாதல் வேண்டும். இதற்காக ஆக்கிய நேரம், கோப்புகளின் ஒழுங்கு, கணினியின் பெயர் போன்ற தற்செயல் வேறுபாடுகளை நிரலிலிருந்து ஒவ்வொன்றாக அகற்றி வருகின்றனர். பாடபேத ஆராய்ச்சியிற் பயின்றோர்க்கு இம்முறை அந்நியமன்று. ஒரே மூலத்தின் வழிவந்த படிகளைத் தனித்தனியே பெற்று அடுக்கி, வேறுபடும் இடத்தில் விரலை வைப்பதே சுவடிப் பதிப்பாளரின் தொழிலுமாகும். எக்ஸ்இஸட் போன்ற நிகழ்ச்சியை இதனால் மட்டும் தடுக்க முடியாது. பொதியின் மூலமாக வெளியீட்டுத் தொகுப்பையன்றி, பலரும் படிக்கும் களஞ்சியத்தையே கொள்ளவேண்டும் என்ற வாதமும் அதனோடு இணைந்து வலுப்பெற்றுள்ளது. 1638இல் அத்தகைய மூன்றாவது படியொன்று எவரிடமும் இருக்கவில்லை. வாவியின் இரு கரையிலும் வயல்செய்த முக்குவப் போடிகளும் குடிகளும், அவர்களின் கீழ் உழுத குடியானவர்களும், தமது துறைமுகமும் விளைபொருளும் பேசப்பட்ட அவ்வுடன்படிக்கையில் ஒப்பமிட அழைக்கப்படவுமில்லை. அதன் படியைப் பெறவுமில்லை.